உயிருடன் இருந்த தாயைக் ‘காலஞ்சென்றவர்’ ஆக்கிய படிவம்

மரண அறிவித்தல் ஒன்று எமது பத்திரிகையில் வெளியான அன்று காலை ஏழு மணியாகுமுன்னரே ஆசிரிய பீடத்துத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் இறந்தவரின் மகன். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. “ஐயா, அப்பாவின்ரை அறிவித்தல் வந்திருக்கு. ஊர், பேர், கிரியை நேரம் எல்லாம் சரி. ஆனால் அப்பம்மா இன்னும் வீட்டிலைதான் இருக்கிறா. அவவுக்கு நாங்கள் பேப்பரைக் காட்டேல்லை” என்று மட்டும் சொன்னார்.

அறிவித்தலை எடுத்துப் பார்த்தேன். ‘காலஞ்சென்றவர்களான’ என்ற சொல்லைத் தொடர்ந்து தந்தையின் பெயரும் தாயின் பெயரும் இருந்தன. அதன்பின் ‘தம்பதியரின் அன்பு மகனும்’ என வாக்கியம் சென்றது. தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்த மூதாட்டி, மகனின் பூதவுடல் வைக்கப்பட்டிருந்த அதே வீட்டில்தான் இருந்தார். எமது பத்திரிகை அவரையும் சேர்த்தே அனுப்பிவிட்டது.

யார் விட்ட பிழை என்று விசாரிக்கப் புகுந்தபோதுதான் விடயம் சிக்கலானது. குடும்பத்தார் நிரப்பிக் கொடுத்த தாளில் தாயின் பெயர் மட்டும் இருந்தது. அவர் இறந்தவர் என்று எவரும் எழுதவில்லை. விளம்பரப் பிரிவில் விபரங்களைக் கணினியில் ஏற்றிய பெண்பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் சரியாகவே தட்டியிருந்தார். ஒப்புநோக்குநர் தாளையும் அச்சுப்பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எல்லாப் பெயரும் சரியென ஒப்பமிட்டிருந்தார். ‘காலஞ்சென்றவர்களான’ என்ற சொல்லை அன்று யாரும் எழுதவேயில்லை. அது படிவத்தில் ஏற்கெனவே இருந்த சொல். பெரும்பாலும் முதியவர்களுக்கே அறிவித்தல் வருகிறது, அவர்களின் பெற்றோர் இருக்கப்போவதில்லை என்று எண்ணிய ஒருவர், படிவத்தை வடிவமைத்த அன்று அதை நிரந்தரச் சொல்லாக அமைத்துப் பூட்டிவிட்டார். பிழை நிரப்பிய கட்டத்துக்குள் இருக்கவில்லை. கட்டத்துக்கு வெளியே இருந்தது. அங்கே பார்க்கும்படி யாரும் பணிக்கப்பட்டிருக்கவும் இல்லை.

கணினிப் படிவங்கள் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இது தொழில்நுட்பக்காரரின் விடயம், பத்திரிகையாளனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கடிதம், விண்ணப்பம், அத்தாட்சிப் பத்திரம், அறிவித்தல் என்று நம் கைக்கு வந்துசேரும் தமிழில் ஒரு பெரும் பங்கை இன்று எந்த மனிதரும் முழு வாக்கியமாக எழுதுவதில்லை. யாரோ எப்போதோ எழுதிவைத்த வாக்கியத்தின் இடைவெளிகளை நிரல் ஒன்று நிரப்புகிறது. அந்த வாக்கியத்துக்கு யார் பொறுப்பு என்பது மொழி பற்றிய கேள்வி. அதனால் நம் கேள்வியும்கூட.

முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொற்செயலியில் தயாரித்த ஆவணம் ஒன்றில் சில இடங்களை மட்டும் நிரப்பத்தக்க கட்டங்களாக விட்டு, ஏனைய சொற்களில் கைவைக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி மைக்ரோசொஃப்ட் வேர்ட்டின் 1990களின் பதிப்புகளிலேயே இருந்தது. எழுத்துக் கட்டம், அடையாளமிடும் பெட்டி, தெரிவுப் பட்டியல் என்பன அதில் அடங்கும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘உள்ளடக்கக் கட்டுப்பாடு’ எனப்படும் புதுவகைக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் இட்டுவிட்டால், நிரல் அந்தப் பெயரைத் தேடிச்சென்று பட்டியலில் உள்ள விபரத்தை அங்கே வைத்துவிடும். அதே 2007 முதல் வேர்ட் கோப்பு என்பது உள்ளூர ஒரு பொதி. அதை விரித்தால் எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதிய கோப்புகள் கிடக்கும். எனவே வேர்ட்டைத் திறக்காமலேயே, பைதன் போன்ற நிரல்மொழியில் எழுதிய சில வரிகள் அந்தப் பொதிக்குள் நுழைந்து கட்டங்களை நிரப்பி மூடிவிடலாம். ஆயிரம் பேருக்கு ஆயிரம் கடிதங்கள் சில நிமிடங்களில் தயார். அவற்றில் ஒரு பக்கத்தையேனும் மனிதக் கண் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இந்த ஏற்பாடு ஆங்கிலத்துக்குப் பொருந்துகிற அளவு தமிழுக்குப் பொருந்துவதில்லை. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு சிறு தனிச்சொல் நின்று வேற்றுமைப் பொருளைச் சுமக்கிறது. ஊர்ப்பெயர் எந்த ஊராயினும் மாறாமல் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். நம் மொழியில் உருபு பெயரின் உடம்போடு ஒட்டுகிறது. ஒட்டும்போது பெயரையும் மாற்றுகிறது.

நமது மரண அறிவித்தலின் முதல் வரியையே பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்றுதான் அது தொடங்கும். கட்டத்தில் ‘சுன்னாகம்’ என்று இட்டு, வெளியே ‘ஐ’ என்று நிரந்தரமாக எழுதிவைத்தால் கிடைப்பது ‘சுன்னாகம்ஐ’. இப்படியே அச்சாகிய அறிவித்தலை நான் கண்டிருக்கிறேன். ‘ம்’ என்று முடிந்தால் ‘த்தை’ ஆக்கு என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சுன்னாகம் சுன்னாகத்தை ஆகிவிடும். கொக்குவில் கொக்குவிலை ஆகும், கரவெட்டி கரவெட்டியை ஆகும், இவையும் சுலபம். ஆனால் உகரத்தில் முடியும் ஊர்களுக்கு வாருங்கள். மட்டக்களப்பு மட்டக்களப்பை ஆகிறது. விசுவமடு விசுவமடுவை ஆகிறது. நாயாறு நாயாற்றை ஆகிறது. மூன்று ஊர்கள், மூன்று விதிகள். குற்றியலுகரம், முற்றியலுகரம் என்று பள்ளிக்கூடத்தில் நாம் கொட்டாவி விட்டுக்கொண்டு படித்த பாடம் விளம்பரப் பிரிவின் கணினியில் வந்து நிற்கிறது. நிரல் எழுதிய இளைஞரிடம் இதைச் சொன்னபோது, “சேர், அப்ப எல்லா ஊருக்கும் ஒரு பட்டியல் போடவேணும்” என்றார். போடத்தான் வேண்டும். போட்டாலும் ரொறன்ரோவும் பாரிஸும் அடுத்த நாள் வந்துவிடும். இவற்றோடு ‘பிறப்பிடம்’ என்ற சொல்லுக்கு முன்னால் பகர ஒற்று மிகும். ‘வதிவிடம்’ என்பதற்கு முன்னால் மிகாது. கட்டத்துக்கு வெளியே உள்ள சொல்லை மாற்றினால் கட்டத்துக்குள் இருப்பதும் மாற வேண்டும்.

பழைய எழுத்தர்கள் இந்தச் சிக்கலைக் கணினி வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே அறிந்திருந்தார்கள் என்பது என் எண்ணம். கச்சேரி வாசலில் மேசை போட்டு விண்ணப்பம் எழுதியவர்கள், நொத்தாரிசின் அறையில் உறுதி எழுதியவர்கள் ஆகியோரின் நடையைக் கவனியுங்கள். ஆளின் பெயருக்குப் பின்னால் ‘என்பவர்’ அல்லது ‘அவர்கள்’. காணியின் பெயருக்குப் பின்னால் ‘என்னும்’. இவற்றை நாம் மரியாதைச் சொற்கள், சட்டச் சொற்கள் என்றே நினைத்து வந்தோம். உருபைத் தாங்கும் வேலையும் அவற்றுக்கு இருந்தது. ‘கந்தையா அவர்களுக்கு’, ‘கந்தையா என்பவரின்’ என்று எழுதும்போது பெயர் எழுவாய் வடிவிலேயே நிற்கிறது. நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் அடுத்த சொல்லின் தோளில் ஏறிக்கொள்கின்றன. எந்தப் பெயரை வைத்தாலும் வாக்கியம் குலையாது. அச்சடித்த பாரங்களை நாளெல்லாம் நிரப்பியவர்கள் கண்டுபிடித்த உபாயம் இது. இன்றைய படிவ வடிவமைப்பாளருக்கு இதைவிடப் பெறுமதியான பாடம் வேறில்லை.

ஆனால் இன்றைய படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வடிவமைக்கப்பட்டபின் தமிழாக்கப்படுகின்றன. இலங்கையில் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தில் மொழி ஏறிவிட்டது. ஆங்கிலக் கட்டத்தின் இருபுறமும் தமிழ்ச் சொற்களை ஒட்டவைப்பது மட்டும் நின்றபாடில்லை. தப்பித்துக்கொள்ள எண்ணுபவர்கள் வாக்கியத்தையே கைவிட்டு, ‘பெயர்:’, ‘ஊர்:’ என்று முக்காற்புள்ளி வைத்து அடுக்கிவிடுகிறார்கள். பிழையான வாக்கியத்தைவிட வாக்கியமின்மை மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரண அறிவித்தலை அப்படி எழுத முடியாது. அது உறவுகளைக் கோத்துச் செல்லும் ஒரே நீண்ட வாக்கியம். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் அருமைத் தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று அது நடந்துபோகும் ஒழுங்கில்தான் ஒரு குடும்பம் தன்னைக் காண்கிறது.

அந்த நீளமே இன்னொரு வில்லங்கத்துக்குக் காரணமாயிற்று. வேர்ட்டின் பழைய வகை எழுத்துக் கட்டத்தில் கையால் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம். ஆனால் நிரலின் மூலம் வழமையான வழியில் இடப்போனால் 255 குறிகளுக்கு மேல் ஏற்காது. நீளம் கூடிவிட்டது என்று பிழைச்செய்தி தரும். சுற்றுவழி உண்டு. புதுவகைக் கட்டத்துக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை. அவசரத்தில் இருந்த நிரலாளரோ மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்: 255க்கு மேலுள்ளதை வெட்டிவிடுமாறு நிரலுக்குக் கட்டளையிட்டார். பிழைச்செய்தி மறைந்தது. அதனோடு பேரப்பிள்ளைகளும் மறைந்தார்கள். அடைப்புக்குறிக்குள் கனடா, ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்று நாடுகளுடன் வரும் பெயர்கள் அல்லவா, இடம் அதிகம் பிடிக்கும்.

தமிழுக்கு இந்த எல்லை இன்னும் நெருக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருங்குறியில் மெய்யெழுத்து இரண்டு குறிகள். உயிர்மெய்யில் அகரம் தவிர்ந்தவை பெரும்பாலும் இரண்டு. ‘ஸ்ரீஸ்கந்தராஜா’ என்ற பெயரை நாம் ஏழெட்டு எழுத்தாக எண்ணுவோம். கணினிக்கு அது பதினான்கு. பெயருக்கு இத்தனை குறிகள் போதும் என்று ஆங்கிலப் பெயர்களை எண்ணி ஒருவர் வைத்த அளவு, தமிழ்ப் பெயரின் வாலை வெட்டும். எஞ்சுவது சில வேளை புள்ளியிழந்த மெய்யாக இருக்கும். அது அகரமேறிய வேறொரு எழுத்தாகிவிடும்.

எழுத்துரு பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஈயெழுத்திலிருந்து கணினிக்கு மாறிய காலத்தில் எங்களில் பலருக்குக் கிடைத்தது பாமினி. அந்த எழுத்துருவுக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். ஒரு தலைமுறைப் பத்திரிகைகளும் நூல்களும் அதில்தான் பிறந்தன. ஆனால் பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு என்ற முகமூடி நீங்கினால் உள்ளே தமிழ் இல்லை. ஒருங்குறித் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது, இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் 2008இல் வகுக்கப்பட்டது. இருந்தும் பழைய பெயர்ப்பட்டியல்கள் பாமினியிலேயே கிடக்கின்றன. நிரல் அவற்றைப் புதிய படிவத்தின் கட்டங்களில் கொண்டுவந்து கொட்டும்போது, முறையான தமிழ் வாக்கியத்தின் நடுவே பெயர் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகப் பல்லிளிக்கும்.

ஒருங்குறிக்கு மாறியவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. வேர்ட் கோப்பினுள் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும், தமிழ் போன்ற சிக்கலெழுத்து மொழிகளுக்கு இன்னோர் எழுத்துருவும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. எழுத்தின் அளவுக்கும் தடிப்புக்கும் அவ்வாறே. நிரலாளர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எழுந்துபோவார். ஆங்கிலத் தொலைபேசி எண் அழகாகத் தடித்து நிற்கும். இறந்தவரின் தமிழ்ப் பெயர் மெலிந்து கிடக்கும்.

பெயர் விடயத்தில் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று மரபில் இல்லை. தந்தையின் பெயர் முன்னால் நிற்கும், அல்லது அதன் முதலெழுத்து நிற்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் படிவம் இரண்டு கட்டங்களைத் தந்து நிரப்பச் சொன்னது. தந்தையார் குடும்பப் பெயரானார். அதன்பின் வரும் ஒவ்வொரு கடிதமும் மகனைத் தந்தையின் பெயரால் விளிக்கிறது. மனைவிக்கு மாமனாரின் பெயர். பேரனுக்குப் பாட்டனின் பெயர். நிரலைக் குறைசொல்லிப் பயனில்லை, அது கட்டத்தில் இருந்ததை எடுத்து வைத்தது. ஆனால் அதே பெயர் கொழும்பில் உள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒத்துவராதபோது, இருவரும் ஒருவரே எனச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க அலைவது மனிதர்தான்.

உள்நாட்டு உதாரணம் ஒன்றையும் தருகிறேன். நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனோடு 500 கூடும். இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியை நிரலே கணித்து நிரப்பிவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நாட்கணக்கு எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே எண்ணப்படுகிறது. இதை அறியாத நிரல், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த அனைவரையும் ஒரு நாள் பிந்திப் பிறக்கவைக்கிறது. 2016இல் இலக்கம் பன்னிரண்டு தானமாக நீண்டபோது, பத்துக் குறிகளுக்கு மேல் ஏற்காத கட்டங்கள் வேறு வகையில் மாட்டிக்கொண்டன.

இத்தனையும் சொல்வதால் கணினியை ஒதுக்கிவிட்டுப் பழையபடி கையால் எழுதுவோம் என்று நான் கேட்பதாக எவரும் எண்ண வேண்டாம். அச்சுக்கோப்பாளர் எழுத்தெழுத்தாகப் பொறுக்கிய நாட்களிலும் பிழைகள் வந்தன. இறந்தவரின் பெயரும் இரங்கல் தெரிவித்தவரின் பெயரும் இடம்மாறிய நாளை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பிழை அந்த ஒரு நாளின் பிழை. படிவத்தின் பிழை வேறுவகையானது. அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பின்னர் முந்திய மூன்று மாத அறிவித்தல்களை எடுத்துப் பார்த்தோம். அதே படிவத்தில் நிரப்பியவற்றுள், உயிருடனிருந்த இன்னும் இரு தாய்மாரையும் ஒரு தந்தையையும் கண்டோம். அந்தக் குடும்பங்கள் எமக்கு அறிவிக்கவேயில்லை. சாவீட்டுத் துயரில் கவனிக்கவில்லையா, கவனித்தும் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் வாதம் இவ்வளவுதான். படிவத்தில் பூட்டப்படும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்மானம்; அந்தத் தீர்மானத்தை நிரலாளரிடம் மட்டும் விடக்கூடாது. ‘காலஞ்சென்ற’ என்பது தெரிவுப் பட்டியலாக இருக்க வேண்டும். இருவருமா, தந்தை மட்டுமா, தாய் மட்டுமா, எவருமில்லையா என்று அது கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும். ஊகித்து நிரப்புவது கெட்டித்தனம் அல்ல. கச்சேரி வாசலில் இருந்த எழுத்தர் சந்தேகம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு, “அம்மா இருக்கிறாவோ?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் காசு கொடுத்தோம். அடுத்தது, ஊர்ப்பெயரை உருபேற்ற நிரலால் முடியாவிட்டால் உருபேற்ற வடிவத்தையே எழுதித் தருமாறு கேட்கலாம். அல்லது ‘அவர்கள்’, ‘என்னும்’ என்ற பழைய வழியை எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரப்பிய ஆவணம் பூட்டப்படுமுன் அதில் பெயர் வரும் மனிதரோ குடும்பமோ முழு வாக்கியத்தையும் வாசித்துத் திருத்த இடம் வேண்டும். கட்டங்களை மட்டும் காட்டிச் சரிபார்க்கச் சொல்வது சரிபார்ப்பு அல்ல. அதனால் நேரம் போகும், பத்திரிகை பிந்தும் என்று விளம்பரப் பிரிவினர் சொன்னார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்கு நான்கு நிமிடம் செல்கிறது; எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

திருத்த அறிவித்தலை மறுநாள் வெளியிட்டோம். அந்த மூதாட்டி அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அவரது அறிவித்தலும் எங்களிடமே வந்தது. அன்று தொலைபேசியில் பேசிய பேரன் நேரில் வந்திருந்தார். விளம்பரப் பிரிவினர் நீட்டிய படிவத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கொப்பித்தாள் ஒன்றை எடுத்தார். முதலிலிருந்து முடிவுவரை ஒரே வாக்கியமாகத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை அப்படியே தட்டி, அவர் முன்னால் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அச்சுக்கு அனுப்பினோம்.